கேமரா உங்கள் வீட்டில், அட்மின் யார் போனில்?

சிசிடிவி மாட்டும் தொழிலில், மானிட்டரை எங்கே வைப்பது என்பதுதான் முன்பெல்லாம் வீட்டுக்காரரோடு நடக்கும் பெரிய பேச்சு. இப்போது பல வீடுகளில் மானிட்டரே வாங்குவதில்லை. "போன்ல தெரியும்ல?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்கிறார்கள். துபாயில் இருக்கும் மகன் தென்காசியில் அம்மா வீட்டு வாசலைப் பார்க்கிறார். கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஷட்டரைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் கேமரா யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

முன்பு வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட், அதாவது உள்ளே வர ஒரு வழி, திறந்துவிட வேண்டியிருந்தது. இப்போது கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் செய்தால் போதும், தயாரிப்பாளரின் சர்வர் வழியாகப் படம் போனுக்கு வந்துவிடும். பல ஆப்களில் முதலில் சேர்க்கும் கணக்குக்குத்தான் அந்த டிவிஆர் சொந்தம். வேலை முடியும்போது இருட்டிவிடும். மாட்ட வந்த பையன் அவசரத்தில் தன் கணக்கிலேயே சேர்த்து, உங்களுக்கு ஷேர் செய்துவிட்டுப் போய்விடுவான். உங்கள் போனில் படம் வரும், நீங்களும் சரி என்று பணம் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். அவன் வேலையை விட்டுப் போன பிறகும் உங்கள் ஹால் அவன் போனில் ஓடிக்கொண்டிருக்கும். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை, அந்தப் போன் வேறு யார் கைக்காவது போனாலே போதும்.

அதனால் மாட்டுகிற அன்றைக்கே உங்கள் நம்பரில் கணக்கு தொடங்கி, நீங்களே ஸ்கேன் செய்யுங்கள். வீட்டாருக்கு அதிலிருந்து ஷேர் கொடுங்கள். நேரலை மட்டுமா, பழைய பதிவும் பார்க்கலாமா என்று பல ஆப்களில் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கலாம். சர்வீஸுக்கு வருபவருக்கும் ஷேர் போதும், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஆப் பாஸ்வேர்டு வேறு, டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் நீங்கள் வைத்திருக்க வேண்டும். 2016-ல் மிராய் என்ற தீநிரல், கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் சுமார் 60 யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயரைக் கொண்டு அதன் சர்வரைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க அவற்றைப் பயன்படுத்தினார்கள், அதனால் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் பலருக்கும் திறக்கவில்லை. அப்படிப் பிடிபட்ட டிவிஆரில் படம் வழக்கம்போல ஓடும் என்பதால் சொந்தக்காரருக்குச் சந்தேகமே வராது.

இன்னொன்று, போனில் நேரலை வந்தால் பதிவும் ஆகிறது என்று அர்த்தமில்லை. ஹார்ட் டிஸ்க் செத்துப்போனாலும் நேரலை வரும். திருட்டு நடந்து பின்னால் போய்த் தேடும்போதுதான் பல மாதமாகப் பதிவே இல்லை என்று தெரியவரும். மாதம் ஒருமுறை, போன வாரத்துத் தேதி ஒன்றைப் போட்டு ராத்திரி நேரத்தை ஓட்டிப் பாருங்கள். டிவிஆரின் கடிகாரமும் சரியாக இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

டேட்டா மிச்சம் ஆகட்டும் என்று ஆப் பெரும்பாலும் தரம் குறைந்த படத்தைத்தான் காட்டும். அதை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து போலீஸிடம் கொடுத்தால் வண்டி நம்பர் தெரியாது. டிவிஆரிலிருந்தே பென் டிரைவில் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது சான்றிதழும் வேண்டும். பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அபார்ட்மென்ட்டுகளில் வாட்ச்மேன் ரவுண்டுக்கும் போன் வந்துவிட்டது. இடத்துக்கு இடம் ஒட்டிய க்யூஆர் கோடை அவர் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தக் கோடுகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கேட்டில் உட்கார்ந்தபடியே ரவுண்டு முடிப்பதும் நடக்கிறது. போனைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தொட வேண்டிய என்எஃப்சி டேக் என்றால் இந்த வழி அடைபடும். ஆனால் இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு மணி நேர டூட்டியில், ராத்திரியில் ஒற்றை ஆளாக, கேட்டையும் பார்த்து மொட்டை மாடிக்கும் ஏறச் சொல்கிறோம்.

கடைசியாக, போன் தொலைந்தால் சிம்மை முடக்குவதோடு நிற்காதீர்கள். வேறொரு போனில் கேமரா கணக்கில் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றி, பழைய போனை லாக்அவுட் செய்யுங்கள். பழைய போனை விற்பதற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும்.