பத்திக்குள் கிடந்த மெசினை முதல் நாளே சுழற்றாதீர்கள்

போன மாதம் யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்து ஒரு தம்பி தண்ணீர் இறைக்கும் பழைய லிஸ்டர் டி மெசின் ஒன்றை லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு மெசினின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுப் பட்டறைக்கு வந்தார். அவருடைய அப்பப்பா வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்த மெசின். அப்பப்பா காலமான பிறகு மாட்டுக்கொட்டில் பத்தியில், கிடுகுக்கும் பழைய தகரத்துக்கும் கீழே பல வருடம் கிடந்திருக்கிறது. எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும் என்ற ஆசை தம்பியின் முகத்திலேயே தெரிந்தது.

"முந்தநாள் வெளியில எடுத்து வைச்சனாங்கள் அண்ணை. இறுகிப் போச்சு. நாலு பேர் சேர்ந்து பைப் போட்டுத் திருப்பியும் அசையேல்லை. பிறகு ஃபிளைவீலைச் சுத்தியலால அடிச்சுப் பாத்தம்."

சுத்தியல் என்றதும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். ஃபிளைவீல் என்ற அந்தப் பாரச் சில்லின் நடுக் குடத்தைச் சுற்றியிருந்த துருவையும் கிறீஸையும் வழித்தெடுத்து, மண்ணெண்ணெய் பூசி, கால் மணித்தியாலம் ஊற விட்டேன். பிறகு காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, பள்ளிக்கூடச் சோக்கைப் பொடியாக்கித் தடவினேன். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சாவி இறங்கும் பள்ளத்தின் மூலையிலிருந்து, வெள்ளைச் சோக்கின் மேல், தலைமயிர் போல ஓர் ஈரக்கோடு மெல்ல எழும்பி வந்தது. இரண்டு அங்குல நீளம் இருக்கும். வெடிப்புக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய்தான் அது. அத்தனை வருடத் துரு செய்யாத சேதத்தை ஒரு பின்னேரம் செய்துவிட்டது. அந்த ஃபிளைவீலை இனி எந்த மெசினிலும் பூட்ட முடியாது.

முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மெசின்களோடு கிடக்கிறேன். கிழடாகிச் செத்த மெசின்களை நான் கண்டது குறைவு. கண்டெடுத்தவரின் முதல் நாள் அவசரத்தில் செத்தவைதான் கூட. கை உடைந்தவர்களும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லிஸ்டர் டி இங்கிலாந்தின் டேர்ஸ்லி என்ற ஊரில் 1926இல் பிறந்த மெசின். ஆரம்ப மாதிரிக்கு ஒன்றரைக் குதிரைவலு, நிமிடத்துக்கு 700 சுற்று. நம் தோட்டங்களில் ஒருவர் துலா மிதிக்க இன்னொருவர் பட்டை பிடித்து இறைத்த வேலையை இப்படியான சின்ன மெசின்கள்தான் கையேற்றன. லிஸ்டர், பெற்றர், வில்லியர்ஸ், வூல்ஸ்லி என்று பல பெயர்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது இரண்டு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டி, இவற்றால்தான் பயிரைக் காப்பாற்றினோம். அந்தக் காலத்தின் தேய்மானமும் இவற்றின் வயிற்றுக்குள் இன்னும் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும்.

சரி, இறுகிய மெசினை என்ன செய்வது? பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தால் டீசலும் மெல்லிய ஹைட்ரோலிக் ஒயிலும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். நிரப்பிவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டு நாள் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் நல்ல சகுனம், பிஸ்ரன் ரிங்கைச் சுற்றி ஊறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மீண்டும் ஊற்றுங்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை, சிலதுக்கு ஒரு மாதம். இடையில் ஃபிளைவீலை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் போதும், அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். ஒரு பக்கமாகவே பலம் கொடுத்துத் திருப்பினால் துருத்துகள் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகும், சிலிண்டர் கீறுப்படும். கடைசியில் ஹெட்டைக் கழற்றவேண்டி வந்தால் பிஸ்ரன் தலையில் வேப்ப மரக் குற்றியை வைத்துத் தட்டலாம். இரும்பு வேண்டாம்.

அசைந்த பிறகும் ஸ்ரார்ட் பண்ணாதீர்கள். கீழே ஒயில் அறையின் மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். அடியில் கறுப்புக் களி மாதிரி ஒன்று படிந்திருக்கும். இந்தச் சின்ன மெசின்கள் பலவற்றில் ஒயில் பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. பிஸ்ரனைத் தாங்கும் கொனெக்ரிங் ரொட்டின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி ஒயிலை அள்ளித் தெளிப்பதுதான் முழு ஏற்பாடும். களியைக் கழுவாமல் மேலே புது ஒயிலை விட்டால், புது ஒயிலில் இருக்கும் கழுவும் மருந்து களியை இளக்கி எல்லாப் பெயாரிங்குக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். முதலில் சுரண்டி, மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்து, அப்புறம் புது ஒயில்.

தண்ணீர் அறை தனிக் கதை. இங்கிலாந்துக்காரரின் கையேடுகளில் உறைபனிக்கு முன் தண்ணீரைத் திறந்து விடு என்று எழுதியிருக்கும். நமக்கு உறைபனி இல்லை. நமக்கு இருப்பது சுண்ணாம்புக்கல் தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படலம் சிலிண்டரைச் சுற்றிய அறையில் வருடக்கணக்காகப் படிந்து கல்லாகிவிடும். நான் திறந்த ஒரு பெற்றர் மெசினில் விரல் போகவேண்டிய இடத்தில் தீக்குச்சிகூடப் போகவில்லை. அப்படிப்பட்ட மெசின் கொதிக்காமல் என்ன செய்யும்? வெண்கலச் செம்பைப் புளி போட்டு விளக்குவது போலத்தான் இதற்கும் மருந்து: சிற்றிக் அசிட்டை வெந்நீரில் கரைத்து ஊற்றி, நுரைத்து அடங்கியதும் திறந்து விட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். நாலைந்து தரம் செய்தபின் அப்பச் சோடாத் தண்ணீரால் அலச வேண்டும். அலுமினிய உறுப்புகளில் இது படக்கூடாது. அப்புறம் மாரி மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்து அதையே பாவியுங்கள், படலம் பிடிக்காது. இன்னொன்று. கொதித்துப்போன மெசினுக்குள் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றவே கூடாது. நம் ஊரில் சிலிண்டர் வெடிப்பது குளிரால் அல்ல, இந்தப் பதற்றத்தால்தான்.

ஸ்ரார்ட் பண்ணும் நாளில் முதலில் நிற்பாட்டும் வழியைப் பாருங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பிகளையும் ஸ்பிரிங்கையும் கையால் அசைத்து, திறொட்டில் தங்குதடையின்றி மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கவர்னர் இறுகியிருந்தால் மெசினின் வேகம் தன்பாட்டில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் ஃபிளைவீலின் விளிம்பைப் பிய்க்கும் விசை நாலு மடங்காகும். நூறு வருடப் பழைய வார்ப்பிரும்பை அந்தச் சோதனைக்கு விடாதீர்கள். பெற்றோல் மெசின் என்றால், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மக்னீற்றோவை எர்த் பண்ணும் வயர் வேலை செய்ய வேண்டும். டீசல் மெசின் என்றால் காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். துணி வேண்டாம், அதை மெசின் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மெசினைச் சுழற்றும் கைபிடியைப் பிடிக்கும்போது பெருவிரல் மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்கட்டும். சுற்றிப் பிடிக்காதீர்கள். கீழிருந்து மேல்நோக்கி இழுங்கள், மேலிருந்து அமுக்காதீர்கள். ஸ்பார்க் முந்தி விழுந்தால் மெசின் எதிர்ப்பக்கம் உதைக்கும். விரல்கள் மட்டும் கொளுவியிருந்தால் கைபிடி கழன்று போகும், பெருவிரல் சுற்றியிருந்தால் மணிக்கட்டு போகும். என் பட்டறையிலேயே, நான் ஒரு நிமிடம் அங்காலே திரும்பிய நேரத்தில், ஒரு பிள்ளைக்கு அப்படி நடந்தது. அன்றிலிருந்து கைபிடியை நான் கழற்றிப் பூட்டி வைக்கிறேன்.

ஓடத் தொடங்கிய பிறகுதான் இன்னும் பெரிய ஆபத்து. வைகாசி, ஆனியில் கிணறு கீழே போகும். பம்ப் எந்தத் தண்ணீரையும் கணக்குப்படி 10 மீற்றருக்கு மேல் உறிஞ்சி எடுக்காது, நடைமுறையில் 7 மீற்றரே பெரிய காரியம். அதனால் சிலர் கிணற்றுக்குள் பலகை போட்டு மெசினைக் கீழே இறக்கி ஓட்டுகிறார்கள். கிணறு துப்புரவாக்கவும் அப்படி இறக்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புகைக்குழாயால் வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தம் ஒட்சிசனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலையிடிக்கிறது, கால் சோர்கிறது என்று உணரும்போது ஏணியில் ஏறப் பலம் இருக்காது. கீழே விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவார். மெசினை நிற்பாட்டிய பிறகும் அந்தக் காற்று கிணற்றுக்குள் நிற்கும். மேலே மின்சார வசதி இருந்தால் நீருக்குள் இறங்கும் மோட்டார் போடுங்கள், இல்லாவிட்டால் மெசினைக் கிணற்றுக்கட்டுக்கு வெளியில் வைத்து எவ்வளவு இறைக்க முடியுமோ அவ்வளவோடு விடுங்கள். கதவு பூட்டிய பட்டறைக்கும் இதுவே பொருந்தும்.

கழிவு ஒயிலையும் சொல்ல வேண்டும். நம் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் இறைப்பதும் நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைத் தண்ணீரையே. அந்தக் கல் முழுக்க வெடிப்பும் பொந்தும். வேலிக் கரையில் ஊற்றும் ஒயிலுக்குக் கிணற்றுக்குப் போக நேரம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்து சனம் பட்ட பாட்டை நாம் கண்டவர்கள். நான் பழைய ஒயிலைக் கானில் சேர்த்து, வாங்கிப் போக வருபவர்களிடம் கொடுக்கிறேன். ஒரு சொட்டும் மண்ணில் விடுவதில்லை.

உரும்பிராய் மெசினுக்கு வருவோம். புன்னாலைக்கட்டுவனில் ஒருவர் வைத்திருந்த உடைந்த லிஸ்டரிலிருந்து நல்ல ஃபிளைவீல் ஒன்று கிடைத்தது. அதற்கும் சோக்குச் சோதனை செய்தோம், கோடு வரவில்லை. பிஸ்ரன் பத்தொன்பதாம் நாள் அசைந்தது. மக்னீற்றோவில் மின்சாரத்தை வெட்டி விடும் பொயின்ற்றைத் தேய்த்துச் சுத்தமாக்கி 0.3 மில்லிமீற்றர் இடைவெளி வைத்தேன். போன ஞாயிறு மூன்றாவது இழுவையிலேயே மெசின் எழும்பியது. தம்பி கத்தியே விட்டார்.

இருபது நிமிடம் அழகாக ஓடிவிட்டு நின்றது. ஆறிய பிறகு மறுபடி எழும்பியது, மறுபடி இருபது நிமிடத்தில் நின்றது. இந்த நோய்க்கு இரண்டு காரணம் வழக்கமாக இருக்கும். ராங்கி மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு, நம் ஊர்க் குளவிகள் அதில் மண்ணைக் குழைத்து அடைத்துவிடும். பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடமாகி ஓட்டம் நின்றுவிடும். நின்ற உடனே மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். தம்பி திறந்தார், சத்தம் இல்லை. ஊசி விட்டுப் பார்த்தேன், துளை சுத்தம்.

அப்படியென்றால் மற்றது. சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி, மெசினின் உடம்பில் முட்டவைத்து, பெற்றோல் ராங்கியைத் தூர வைத்துவிட்டுச் சுற்றினோம். காலையில் நீலமாகப் பாய்ந்த ஸ்பார்க் மஞ்சளாகி மெலிந்திருந்தது. பொயின்ற்றில் சின்னச் சின்ன நெருப்புப் பொறி. அந்தப் பொறியை அடக்கவேண்டிய கொண்டென்சர் சூட்டில் மின்சாரத்தைக் கசிய விடுகிறது. புதியது ஒன்று சனிக்கிழமை தம்பி கொண்டு வருவார். அதுவரை மெசின் சாக்கால் மூடியபடி பட்டறையில் இருக்கிறது, கைபிடி என் அலுமாரிக்குள் இருக்கிறது.