டாட்டூவில் சின்னப் பிழையா? லேசருக்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

கிருஷ்ணகிரியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். டாட்டூவை மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்று வருகிறவர்கள் முன்பும் உண்டு. இப்போது அதிகமாக வருகிறவர்கள் வேறு ரகம். "மொத்தமா வேணாங்க டாக்டர், இந்த ஒரு கோடு மட்டும் போனா போதும்" என்று கையை நீட்டுகிறார்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன்கள், கல்லூரி மாணவிகள், கல்யாணம் நிச்சயமானவர்கள் எனப் பலரும் உண்டு. கோடு கோணிப்போயிருக்கும், எழுத்து தப்பாக இருக்கும், ஓரத்தில் மை கசிந்து நீலம் பாய்ந்திருக்கும், ஊசி தவறி எங்காவது ஒரு புள்ளி விழுந்திருக்கும். பிழை சின்னது, அதனால் வேலையும் சின்னது, ஒரே சிட்டிங்கில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். ஆனால் முழு டாட்டூவை எடுப்பதைவிட, அதில் ஒரு மூலையை மட்டும் திருத்துவதுதான் கடினம். பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டே எடுக்க வேண்டுமே!

டாட்டூ குத்தி ஒரு வாரத்திலேயே பதறி ஓடி வருகிறவர்களுக்கு நான் லேசர் பேச்சையே எடுப்பதில்லை. ஊசி பட்ட தோல் வீங்கும், பக்கு கட்டும், உரியும். அந்தச் சமயத்தில் நேர்க்கோடுகூட ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மங்கியும்தான் தெரியும். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். உள்தோல் அடங்க இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை பொறுத்தால் பிழை என்று நினைத்த பல விஷயங்கள் தானாகவே சரியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆறாத புண்மேல் லேசர் அடித்தால் மை போகிறதோ இல்லையோ, தழும்பு நிச்சயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆறிய பிறகும் பிழை இருக்கிறதென்றால், அது மை குறைந்ததால் வந்ததா, கூடியதால் வந்ததா என்று பார்க்க வேண்டும். குறைந்த இடத்தை டாட்டூக்காரரே டச்சப் செய்துவிடலாம், டாக்டர் தேவையில்லை. கூடிப்போன இடத்துக்குத்தான் லேசர். முன்கையில் 'அம்மா' என்று குத்திக்கொண்ட ஒரு தம்பி வந்தார். திருவிழாக் கடையில் குத்தியது. முதல் 'ம' மேல் இருக்க வேண்டிய புள்ளி, அடுத்த 'ம' தலையில் ஏறியிருந்தது. கூடவே வந்த அவர் அம்மா, "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, எனக்கு நல்லாத்தான் இருக்குது. இவன்தான் ராத்திரி தூங்க மாட்டேங்குறான்" என்றார். விட்டுப்போன புள்ளியை வைப்பது டாட்டூக்காரருக்கு ஒரு நிமிட வேலை. தப்பான புள்ளியை எடுக்கத்தான் மாதக்கணக்கானது.

அந்தப் புள்ளி இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. எழுத்துக்கும் அதற்கும் நடுவே இருந்த இடைவெளி அதைவிடக் குறைவு. லேசர் ஒளி தோலில் வட்டமாக விழும். அந்த வட்டத்தின் அளவை மெஷினில் குறைத்துக்கொண்டே போகலாம் என்றாலும், குறைக்கக் குறைக்க ஒளி தோலுக்குள் சிதறி, ஆழத்துக்குப் போவது குறைந்துவிடும். ஈடுகட்ட சக்தியைக் கூட்டினால் மேல்தோல் சூடாகும். பெரிய டாட்டூ என்றால் அகலமான வட்டத்தில், மிதமான சக்தியில் நிதானமாகப் போகலாம். ஒற்றைப் புள்ளிக்கு அந்த வசதி கிடையாது. எழுத்தை ஈரமான காஸ் துணியால் மறைத்து, புள்ளியை மட்டும் வெளியே விட்டு, குறைந்த சக்தியில் ஆரம்பித்து, ஒவ்வொரு சிட்டிங்குக்கும் இடையில் எட்டு வாரம் விட்டுத்தான் அதைக் கரைத்தோம். எழுத்தின் மேல்விளிம்பும் லேசாக வெளுத்தது. அது வெளுக்கும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். கடைசியில் டாட்டூக்காரர் அந்த விளிம்பையும் விட்டுப்போன புள்ளியையும் ஒரே நாளில் சரிசெய்து கொடுத்தார்.

"ரப்பர் வெச்சு அழிக்கிற மாதிரி போயிடுமா?" என்று கேட்கிறார்கள். போகாது. மை இருப்பது மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். மேல்தோல் மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டாலும் டாட்டூ அழியாமல் இருப்பது அதனால்தான். லேசர் அந்த மைத்துகள்களை உடைத்துப் பொடியாக்குகிறது, அவ்வளவுதான். பொடியானதை விழுங்கி, நிணநீர் வழியாக வெளியேற்றுவது நம் உடம்பின் வேலை. அதற்கு நேரம் வேண்டும் என்பதால்தான் ஆறு முதல் எட்டு வார இடைவெளி. சீக்கிரம் முடிய வேண்டுமென்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டால் தோல்தான் கெடும். தோள், கழுத்துப் பக்கம் இருப்பது சீக்கிரம் மங்கும். ரத்த ஓட்டம் குறைவான விரல், கணுக்கால் பக்கம் இருப்பது தாமதமாகும். பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் தாமதம்.

குறிப்பிட்ட நிறம் உறிஞ்சும் ஒளியை மிகக் குறுகிய நேரம் மட்டும் பாய்ச்சினால் சுற்றியுள்ள தோல் வேகாமல் அந்த நிறத்தை மட்டும் தாக்கலாம் என்று ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1983-ல் விளக்கினார்கள். இன்றைய டாட்டூ லேசர்கள் எல்லாம் அந்த அடிப்படையில் இயங்குபவை. பரவலாக இருப்பது க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் லேசர். அதில் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி கறுப்பு மைக்கு, 532 சிவப்பு மைக்கு. பச்சைக்கும் வெளிர் நீலத்துக்கும் 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட், 694 ரூபி லேசர்கள் பொருந்தும். மஞ்சள் லேசில் மசியாது. நம் ஊர்த் தோலுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் தோலில் உள்ள மெலனின் என்ற நிறமியும் ஒளியை உறிஞ்சும். 1064-ஐக் குறைவாக உறிஞ்சும், 532-ஐ அதிகமாக உறிஞ்சும். அதனால்தான் மாநிறத் தோலில் சிவப்பு மையைத் திருத்தும்போது வெண்திட்டோ கருந்திட்டோ விழும் வாய்ப்பு கூடுகிறது. வெள்ளைக்காரர் கையில் எடுத்த வீடியோவை போனில் காட்டி "இதே மாதிரி" என்று கேட்கிறவர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிவிடுவேன்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கோடு தப்பானதும் சில கடைகளில் அதன்மேல் வெள்ளை மையோ தோல்நிற மையோ வைத்து மறைத்து அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அது திட்டாகத் தெரிய ஆரம்பித்ததும் லேசருக்கு வருகிறார்கள். அந்த மைகளில் டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு போன்றவை இருக்கும். லேசர் பட்ட கணமே அவை ரசாயன மாற்றம் அடைந்து கறுத்துவிடக்கூடும். வெளிறிய திட்டு கண்ணெதிரே சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறும். பிறகு அந்தக் கறுப்பை எடுக்கத் தனியாகப் பல சிட்டிங் ஆகும், சிலருக்கு முழுதாகப் போவதே இல்லை. பார்லரில் புருவத்துக்குப் போட்ட பழுப்பு மைக்கும் உதட்டுக்குப் போட்ட ரோஜா நிற மைக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே, மறைக்க ஏதாவது மை வைத்திருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓரத்தில் ஒரே ஒரு புள்ளியில் அடித்துப் பார்த்து, நான்கைந்து வாரம் கழித்து அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே மற்றதைத் தொட வேண்டும். இந்தச் சோதனையை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கையைக் கொடுக்காதீர்கள்.

முடி நீக்கும் மெஷினால் டாட்டூ திருத்துவதாகச் சொல்லும் பார்லர்களும் இருக்கின்றன. இரண்டும் லேசர்தானே என்று தோன்றும். டாட்டூ லேசரின் ஒரு துடிப்பு சில நானோ வினாடி, அதாவது வினாடியை நூறு கோடியாகப் பிரித்ததில் சில பங்கு. பைகோ லேசரில் அதைவிடவும் குறைவு. முடி நீக்கும் மெஷின் ஒளி பாய்ச்சுவதோ மில்லி வினாடிக் கணக்கில். அத்தனை நேரம் சூடு ஏறினால் மைத்துகள் உடையாது, சுற்றியுள்ள சதை வெந்துபோகும். டாட்டூ இருந்த வடிவத்திலேயே தடித்த தழும்போடு வந்தவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. மச்சம் எடுக்கிற சுண்ணாம்பு–சோடாக் கலவை, எருக்கம்பால், ஆசிட், உப்பு வைத்துத் தேய்ப்பது இவையும் அப்படித்தான். ஏற்கெனவே புண்ணாக்கிக்கொண்டிருந்தால் தாமதிக்காதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள்.

மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுக்குத் தயாராகும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே டாட்டூவுக்கு இடமும் அளவும் வரையறுத்திருக்கிறார்கள்: சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை, அதுவும் அந்தப் பகுதியில் கால்வாசிக்கும் குறைவாக. அளவைக் குறைக்க வேண்டுமென்று மருத்துவப் பரிசோதனைக்குப் பத்து நாள் முன்னால் வந்தால் யாராலும் உதவ முடியாது. அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் ஒரு வருடம் முன்பே வாருங்கள்.

நம் பக்கத்துப் பாட்டிமார் கையில் இருக்கும் கோலப் பச்சையைப் பற்றியும் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் கரியால் ஆனது. 1064 ஒளிக்கு நன்றாகவே மங்கும், மெஷின் டாட்டூவைவிடக் குறைந்த சிட்டிங்கே போதும். ஆனால் பேரன் பேத்திகள் வற்புறுத்தித்தான் பாட்டியைக் கூட்டி வருகிறார்கள் என்று தெரிந்தால், பாட்டியிடம் தனியாகக் கேட்ட பிறகே மெஷினைத் தொடுவேன்.

சிலருக்கு லேசர் வேண்டாம் என்றே அனுப்பிவிடுகிறேன். சிவப்பு மை உள்ள இடம் மட்டும் தடித்து அரித்துக்கொண்டிருந்தால் அது ஒவ்வாமை. அதில் லேசர் அடித்து மையை உடைத்தால் ஒவ்வாமை உடம்பு முழுக்கப் பரவக்கூடும். டாட்டூவுக்குள் மச்சம் இருந்தால் அதன்மேல் லேசர் படக் கூடாது. கெலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு வரும் உடம்புக்காரர்களுக்கு நன்றாக யோசித்துத்தான் செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் பிரசவம் முடியும்வரை தள்ளிப்போடலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

செய்துகொள்கிறவர்களுக்கு: மரத்துப்போகும் க்ரீம் தடவி முக்கால் மணி நேரம் வைத்த பிறகே அடிப்போம். அறையில் இருக்கும் எல்லோருக்கும், உடன் வந்தவருக்கும்கூட, அந்த லேசருக்கு உரிய கண்ணாடி கட்டாயம். அடித்ததும் அந்த இடம் வெள்ளையாகப் பூத்து, கால் மணி நேரத்தில் அடங்கும். பயப்பட வேண்டாம். மறுநாள் கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள், பக்கைப் பிய்க்காதீர்கள், மஞ்சளோ டூத் பேஸ்ட்டோ வைக்காதீர்கள். எழுதிக்கொடுத்த ஆயின்மென்ட்டும் சுத்தமான கட்டும் போதும்.

வெயில்தான் நம் மாவட்டத்தில் பெரிய எதிரி. மாந்தோப்பிலும் கல்குவாரியிலும் நாள் முழுக்க நிற்கிறவர்கள், டெலிவரி வண்டி ஓட்டுகிறவர்கள் சித்திரையில் லேசர் போட்டுக்கொண்டால் கருந்திட்டு விழ வாய்ப்பு மிக அதிகம். ஐப்பசிக்கு மேல் ஆரம்பித்து மாசிக்குள் முடித்துக்கொள்ளச் சொல்வேன். எந்த மாதமானாலும் முழுக்கைச் சட்டை போடுங்கள், புண் ஆறியதும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். கருத்துப்போன கையோடு அடுத்த சிட்டிங்குக்கு வந்தால் தேதியைத் தள்ளித்தான் வைப்பேன்.

லேசர் முடிந்த இடத்தில் திருத்தி மறுபடி குத்திக்கொள்ளக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் விடுங்கள். புது எழுத்தைத் தாளில் எழுதி, படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டிவிட்டுக் கடைக்குப் போங்கள், ஊசியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். என்னிடமோ வேறு தோல் மருத்துவரிடமோ முதல்முறை வரும்போது, டாட்டூ புதிதாக இருந்தபோது எடுத்த போட்டோவைக் கொண்டு வாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்து வாருங்கள். முகப்பரு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.