இமில் ஏறும் காரியும்: விலங்கு குறியீடாகும் விதம்

சிலப்பதிகாரத்தில், கண்ணகியின் சிலம்பை விற்பதற்காகக் கோவலன் மதுரைக்குப் புறப்படும்போது, ஆயர்கள் வாழும் தெருவில் திமில் பருத்த காளை ஒன்று அவனை எதிர்த்து வருகிறது. 'இமில்ஏறு எதிர்ந்தது இழுக்கென அறியான்' என்று கூறும் இளங்கோவடிகள், அதை அறியும் குலத்தில் அவன் பிறக்கவில்லை என்று அடுத்த அடியிலேயே காரணமும் தந்துவிடுகிறார். ஆயர் கண்ணுக்குத் தீய நிமித்தமாகத் தெரிவது, வணிகனான கோவலனுக்கு வழியில் குறுக்கிட்ட வெறும் மாடு. ஒரே விலங்கு ஒருவருக்குக் குறியாகவும் மற்றொருவருக்கு விலங்காகவும் இருப்பது எப்படி என்ற கேள்விக்கு, உளவியல் ஓரளவு விடை தருகிறது.

1944-ஆம் ஆண்டு ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியன் சிம்மல் ஆகிய இருவரும் தாங்கள் நடத்திய ஆய்வொன்றை வெளியிட்டனர். இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் ஒரு கட்டத்தைச் சுற்றி நகரும் சிறு படத்தைப் பார்த்தவர்களுள் ஏறக்குறைய அனைவரும், ஒன்று மற்றொன்றை மிரட்டுகிறது, துரத்துகிறது, அது தப்பி ஓடுகிறது என்று கதையாகவே விவரித்தனர். முகமே இல்லாத வடிவங்களின் அசைவிலும் நோக்கத்தைக் காணும் மனம், கண்ணும் கொம்பும் உடைய உயிரிடம் அதைக் காணாமல் இருக்குமா?

பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளில் 'நின்று விளையாடும் மாடு' என்று புகழப்படும் காளையை எடுத்துக்கொள்வோம். மாட்டின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், பின்புறத்தில் ஒரு சிறு பகுதி தவிரச் சுற்றிலும் ஏறத்தாழ 330 பாகை வரை அதற்குப் பார்வை உண்டு. ஆனால் இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு முன்புறத்தில் மிகக் குறுகியது. தொலைவை மதிப்பிடுவதற்கு அது தலையைத் திருப்பி நேராகவோ, தாழ்த்தியோ பார்க்க வேண்டியிருக்கிறது. வாடிவாசலின் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் மாடு தயங்குவதற்கு ஒளி மாற்றமும் ஒரு காரணம். தரையைக் குளம்பால் கிளறுவது, நெருங்காதே என்னும் எச்சரிக்கை. பார்வையாளர்களோ இந்தத் தயக்கத்தையும் தலை தாழ்த்தலையும், யாரைக் குத்தலாம் என்று மாடு ஆள் பார்ப்பதாகவே படிக்கிறார்கள்.

நல்ல எழுத்தாளர் மாட்டின் உள்ளத்துக்குள் நுழையாமல், உடலின் அசைவை மட்டும் துல்லியமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவைப் பகுதியில் குடத்துப் பால் உறையவில்லை, ஏற்றின் கண்ணிலிருந்து நீர் சொரிகிறது. உறை மோரில் உள்ள லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் வலுவிழந்தாலே பால் உறையாது; கண்ணில் நீர் வடியத் தூசியோ ஈயோ போதும். தனித்தனியே எளிய காரணமுள்ள நிகழ்ச்சிகள் ஒருங்கே வரும்போதுதான் 'வருவது ஒன்று உண்டு' என்று ஆயர் மகளிர் கலங்குகிறார்கள். முந்தைய காதையிலேயே கோவலன் வெட்டுண்டதைக் கண்டுவிட்ட நமக்கு, வந்து முடிந்ததே தெரியும். காளை அழுததாக இளங்கோ எங்கும் சொல்லவில்லை என்பதே அந்த இடத்தின் வலிமை என்று நினைக்கிறேன்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' 1959-இல் நூலாக வந்தது. அதில் வரும் காரி என்னும் காளைமீது மூன்று தரப்பினர் மூன்று பொருள்களை ஏற்றுகிறார்கள். தந்தை அம்புலியின் உயிரைக் கொண்டுபோன மாடு என்பதால் பிச்சிக்கு அது தீர்க்க வேண்டிய கணக்கு; ஜமீன்தாருக்கு அது குடும்ப கௌரவம்; கூட்டத்துக்கோ திருவிழாவின் உச்சம். இவற்றுள் எதையும் அறியாத காரி, மாட்டுக்குரிய சீற்றத்தோடு மட்டுமே இயங்குகிறது. பேசும் விலங்குகள் வரும் நீதிக் கதைகளில் நரி என்றால் தந்திரம் என்று பொருள் முன்கூட்டியே முடிந்துவிடும். அவற்றைவிட இந்தக் குறுநாவல் எனக்கு உயர்ந்ததாகப் படுவதற்கு, காரி கடைசிவரை மாடாகவே இருப்பதுதான் காரணம். பிச்சியிடம் அது பிடிபட்ட பிறகு, ஜமீன்தார் தம் கையாலேயே அதைச் சுட்டுக் கொல்கிறார். தம் மதிப்பை அந்தத் திமிலில் ஏற்றிவைத்தவர் அவர். அதை ஒருவன் அணைத்துப் பிடித்துவிட்டான் என்றான பின், காரியை வெறும் மாடாகத் தொழுவத்தில் கட்டிவைக்க அவரால் இயலவில்லை.