அந்தப் படத்தில் சத்தமே கிடையாது

ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்வது என் தொழில். சில வருடங்களுக்கு முன் ஓர் அரசியல் கொலையைப் பற்றிய படம் என்னிடம் வந்தது. கையில் இருந்தது ஒலியில்லாத பழைய காட்சி. "ஒரு வெடிச் சத்தம் மட்டும் வைங்க, இல்லேன்னா சீன் எடுபடாது" என்றார் இயக்குநர். வைத்தேன். திரையிடல் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை யார் தம்பி பதிவு செஞ்சது?" என்று கேட்டார். சவுண்ட் எஃபெக்ட்ஸ் தொகுப்பிலிருந்து நான் எடுத்துப் போட்டது என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. அவர் அதைச் சாட்சியமாகக் கேட்டிருக்கிறார்.

அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963 நவம்பர் 22, டாலஸ். பெண்களுக்கான உடைகள் தயாரிக்கும் ஆபிரகாம் ஸப்ரூடர், ஒரு கான்கிரீட் திண்டில் ஏறி நின்று 8 எம்.எம். கேமராவில் படம் பிடித்தார். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலை சுற்றும். அலுவலக உதவியாளர் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். மொத்தம் 486 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள்; 26 வினாடி சொச்சம். ஒலி கிடையாது. எத்தனை குண்டு, எவ்வளவு இடைவெளி என்பதில்தான் இத்தனை வருடச் சண்டையும். அந்தக் காட்சியோடு 'டுமீல்' கேட்டால், எடிட்டர் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம்.

வேகமும் அப்படித்தான். வினாடிக்குச் சுமார் 18 ஃபிரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் 20 வினாடியில் முடிந்துவிடும். சுட்டவனுக்குக் கிடைத்த நேரமும் குறைந்து தெரியும்.

அப்புறம் வரிசை. கொலையை விசாரித்த வாரன் கமிஷன் 1964இல் வெளியிட்ட தொகுதியில் 314, 315ஆம் ஃபிரேம்கள் இடம் மாறி அச்சாகின. தலை பின்னால் சாய்வதற்குப் பதிலாக முன்னால் தள்ளப்பட்டதுபோல் தெரிந்தது. அச்சுப் பிழை என்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஹூவர் மறு வருடம் ஒப்புக்கொண்டார். இரண்டே ஃபிரேம்தான். சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அதனால், இப்படிப்பட்ட படத்தில் கொலைக் காட்சி வந்தால் ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஆர்.ஆர். (பின்னணி இசை) இல்லாமல் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும்.

குண்டு தலையில் படுவது 313ஆம் ஃபிரேம். லைஃப் பத்திரிகைக்கு உரிமையை விற்றபோது அதை மட்டும் வெளியிட வேண்டாம் என்று ஸப்ரூடர் கேட்டுக்கொண்டார். இன்று அதையே பெரிதாக்கி, நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை காட்டுகிறார்கள். மனைவியின் பக்கத்தில் ஒரு மனிதர் சாகிற கணம் அது. இரண்டாவது தடவை காட்டும்போது புதிதாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தள்ளிவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் முதல் தடவையும் வேண்டாம்.