தூக்க மூச்சுத்தடை: கிளைம் எங்கே விழுகிறது, எங்கே போராடலாம்

ஸ்லீப் ஸ்டடி (தூக்கப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ 42 என்று இருக்கும். தூக்கத்தில் மணிக்கு 42 முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று பொருள். 30-ஐத் தொட்டாலே தீவிர தூக்க மூச்சுத்தடைதான். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷினை டாக்டர் எழுதிக் கொடுப்பார். பில்லை அனுப்பினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். ஆண்டுக்கணக்கில் பிரீமியம் கட்டியவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் மறுப்புக் கடிதத்தில் எந்த விதியைக் காட்டியிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். விதியைப் பொறுத்துதான் வழி.

அடிக்கடி காட்டப்படுவது எக்ஸ்க்ளூஷன் 04, அதாவது பாலிசியில் பணம் தராத விலக்குகளில் ஒன்று. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்பது அது. ராத்திரி படுத்து வயர் ஒட்டிக்கொண்டு காலையில் வீடு திரும்பும் ஸ்லீப் ஸ்டடி இதில்தான் மாட்டும். "அட்மிஷன் போட்டு கிளைம் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் தொண்டை அல்லது தாடை அறுவை சிகிச்சை முடிவானால், அதற்கு முன் செய்த ஸ்லீப் ஸ்டடியை அட்மிஷனுக்கு முந்தைய செலவாகக் கேட்கலாம். பல பாலிசிகளில் அதற்கு 30 அல்லது 60 நாள்தான் கணக்கு. பரிசோதனையை மார்ச்சில் முடித்து ஆபரேஷனை ஆகஸ்டுக்குத் தள்ளினால் அந்தப் பணம் போய்விடும்.

மெஷின் விஷயத்தில் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் கருவிக்குப் பெரும்பாலான தனிநபர் பாலிசிகள் பணம் தருவதில்லை. பாலிசியில் இல்லாததை எந்த மேல்முறையீடும் வாங்கித் தராது. மத்திய அரசு ஊழியர்கள், ஓய்வூதியர்களுக்கான சிஜிஹெச்எஸ் மருத்துவத் திட்டம் முன் அனுமதியோடு தருகிறது. சில கம்பெனிகளின் குரூப் பாலிசியிலும் உண்டு, எச்ஆரிடம் கேளுங்கள். மெஷின் வாங்குவதற்கு முன்பே ஈமெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னது செல்லாது.

போராட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, எடை குறைப்பு அறுவை சிகிச்சை. "உடல் பருமன் கவர் ஆகாது" என்று ஒரே வரியில் மறுப்பார்கள். ஆனால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ்க்ளூஷன் 06-ஐ முழுக்கப் படியுங்கள். பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 40-ஐத் தொட்டாலோ, அல்லது 35-உடன் தீவிர தூக்க மூச்சுத்தடை இருந்து மற்ற எடை குறைப்பு முயற்சிகள் பலிக்காமல் போயிருந்தாலோ, அந்த விலக்கு பொருந்தாது. தூக்க மூச்சுத்தடையின் பெயரே அதில் இருக்கிறது. எனவே உயரம், எடை, ஏஹெச்ஐ, முன்பு செய்த டயட் முயற்சிகளின் தேதி எல்லாம் டாக்டர் கடிதத்தில் இருக்க வேண்டும். "தீவிரம்" என்ற சொல் இல்லாத கடிதம் பாதிக் கடிதம்தான்.

இரண்டாவது, ஏற்கெனவே இருந்த நோய் என்ற மறுப்பு. கேஸ் ஷீட்டில் "பத்து வருடமாகக் குறட்டை" என்று ஒரு வரி இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்தில் டாக்டர் கண்டறிந்தது, அல்லது அதற்காக ஆலோசனையோ சிகிச்சையோ தந்தது மட்டுமே விதிப்படி ஏற்கெனவே இருந்த நோய். வீட்டில் மனைவி சொன்ன குறட்டை அதில் வராது. இப்படியே எழுதி, முதல் ஸ்லீப் ஸ்டடியின் தேதியைக் காட்டுங்கள். நோய் முன்பே தெரிந்திருந்தால் மறைக்காதீர்கள்; அந்த நோய்க்குக் கவர் தொடங்கும்வரை உள்ள காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (கம்பெனி மீதான புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். மறுப்புக் கடிதம், பாலிசி விதிகள், கையெழுத்துள்ள ஸ்லீப் ரிப்போர்ட், டாக்டர் கடிதம் நான்கும் போக வேண்டும்.

இது முடியும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்காதீர்கள். மெஷின் மாத வாடகைக்கும் கிடைக்கிறது.