உங்கள் மனையில் சர்வே கல் நட்டிருக்கிறார்களா? இழப்பீடு வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

வண்டலூரிலிருந்து செங்கல்பட்டு வரையும், மேற்கே படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையும் எங்கு பார்த்தாலும் மண் வெட்டுகிறார்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை வருகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகர எல்லையை 2022-இல் 5,904 ஆக்கிவிட்டார்கள். தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற மக்களுக்கு இந்தச் சாலைகள் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு சாலைக்கும் யாரோ ஒருவருடைய மனை போகிறது. போகும்போது அவருக்குச் சேர வேண்டிய பணம் பல நேரம் முழுசாகச் சேர்வதில்லை.

கூடுவாஞ்சேரி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா. கணவர் மாதத் தவணை கட்டி வாங்கிய மனை, அதில் ஓடு போட்ட இரண்டு அறை. சாலைக்கு எடுத்தார்கள். நோட்டீஸ் அவருக்கு வரவே இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் மனைப்பிரிவு போட்டவரின் பெயரிலேயே பட்டா இருந்ததால் நோட்டீஸ் அந்தப் பெயருக்குப் போனது. அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியும்போது பணம் நீதிமன்றக் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. பத்திரம் இருக்கிறது, ரசீது இருக்கிறது, மின் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. அப்படியும் இரண்டு வருஷம் அலைந்தார். அவருக்குச் சொல்லாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தச் சட்டம், எத்தனை நாள்

நோட்டீஸ் வந்தால் தொகையைத் தேடாதீர்கள், எந்தச் சட்டம் என்று முதலில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956 சட்டம். மாநிலச் சாலைகளுக்குப் பெரும்பாலும் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001. மற்ற பல பணிகளுக்கு 2013-இன் நில எடுப்புச் சட்டம். மாநிலச் சட்டத்தின் கீழ் எடுப்பது செல்லாது என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொன்னது, பேரவை மறுபடி சட்டம் போட்டது, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கதை இனி நமக்கு உதவாது. இழப்பீட்டைக் கணக்குப் போடும் முறை மூன்றிலும் 2013 சட்டத்தின் அட்டவணைப்படிதான் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். "இது நெடுஞ்சாலைச் சட்டம், உங்களுக்கு அந்த ரேட் கிடையாது" என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

நாள் கணக்கு மட்டும் சட்டத்துக்குச் சட்டம் மாறும். 2013 சட்டத்தில் ஆட்சேபணைக்கு 60 நாள். தேசிய நெடுஞ்சாலையில் 21 நாள்தான், அதுவும் அரசிதழில் வெளியான தேதியிலிருந்து. உங்கள் கைக்குக் காகிதம் வந்த தேதி கணக்கில் வராது. நாளிதழில் ஓரமாக ஒரு விளம்பரம் வந்திருக்கும், சர்வே எண்கள் பொடி எழுத்தில் இருக்கும். அதனால் உங்கள் தெருவில் கல் நட்ட அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலரிடமும், நில எடுப்புத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும் போய் உங்கள் சர்வே எண் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். "தகவல் வரும், போங்க" என்பார்கள். போகாதீர்கள். ஒரு மனு எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆட்சேபணையில் "சாலையே வேண்டாம்" என்று எழுதினால் பெரும்பாலும் ஒரு வரியில் தள்ளுபடி ஆகிவிடும். அந்த மனுவை வேறு வேலைக்குப் பயன்படுத்துங்கள். இங்கே என் வீடு இருக்கிறது, இது மனை, நஞ்சை என்று உங்கள் பதிவேட்டில் இருப்பது பழைய பதிவு, பட்டா இன்னார் பெயரில் இருந்தாலும் இடத்தை அனுபவித்து வருவது நான்தான்: இதையெல்லாம் அன்றே பதிவு செய்துவிடுங்கள். பிற்பாடு விசாரணையில் "முன்னமே சொல்லியிருக்கிறேன்" என்று காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கும்.

பட்டாவில் விழும் ஓட்டை

புறநகரில் பணம் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். பத்திரம் பதிவானதும் வேலை முடிந்தது என்று பட்டா மாற்றாமல் விட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இணையத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள், இன்றைக்கே. மனைப்பிரிவு போட்டவர் பெயரோ, அவருடைய அப்பா பெயரோ, எட்டுப் பேர் கொண்ட கூட்டுப் பட்டாவோ வந்தால் உட்பிரிவோடு தனிப்பட்டாவுக்கு உடனே விண்ணப்பியுங்கள். அறிவிக்கை வந்த பிறகு போனால், "நில எடுப்பில் இருக்கிறது, இப்போது மாற்ற முடியாது" என்று ஒரு மேஜையில் சொல்வார்கள். அடுத்த மேஜையில், "பட்டா உங்கள் பெயரில் இல்லையே, எப்படிப் பணம் தருவது" என்பார்கள். இரண்டு மேஜையும் ஒரே கட்டடத்தில் இருக்கும். அப்படி மாட்டிக்கொண்டால் மூலப்பத்திரத்திலிருந்து உங்கள் பத்திரம் வரை முழுத் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் இணைத்து உரிமை கோரும் மனுவை விசாரணை அதிகாரியிடமே கொடுங்கள். பட்டா மட்டும்தான் உரிமைக்கு ஆதாரம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பட்டாதாரர் இறந்துபோயிருந்தால் வாரிசு சான்று வேண்டும். இதில் நம் வீட்டு ஆட்களே செய்கிற தப்பு ஒன்று உண்டு. கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை விட்டுவிட்டு, அண்ணன் தம்பிகள் மட்டும் மனு போடுவார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. விட்டுப்போன அக்கா ஒரு ஆட்சேபணை கொடுத்தால் போதும், மொத்தத் தொகையும் டெபாசிட்டுக்குப் போய்விடும், வெளியே எடுக்க வருஷங்கள் ஆகும். எல்லோரையும் சேர்த்து ஒரே மனுவாகப் போடுங்கள்.

கிராம நத்தத்தில் வீடு இருப்பவர்களை "இது சர்க்கார் நிலம்" என்று மிரட்டுவதைப் பார்த்திருக்கிறேன். குடியிருக்கும் நத்தம் அரசு நிலம் இல்லை என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பயப்படாமல் இழப்பீடு கேளுங்கள்.

விலையை எப்படிப் போடுகிறார்கள்

பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். பக்கத்தில் அதே மாதிரி நிலம் கடந்த மூன்று வருஷத்தில் விற்ற பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சராசரியிலும் எல்லாப் பத்திரங்களையும் சேர்க்கக் கூடாது, அதிக விலை காட்டிய பாதியை மட்டும் எடுக்க வேண்டும். இந்த வரியை அலுவலகத்தில் யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்ட மாட்டார்கள்.

எந்தெந்தப் பத்திரங்களை எடுத்தார்கள் என்று ஒரு விற்பனைப் புள்ளிவிவரப் பட்டியல் கோப்பில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அதைக் கேளுங்கள். உள்ளே தள்ளி இருக்கிற வயல் பத்திரத்தை எடுத்துவிட்டு, உங்கள் தெருவிலேயே விற்ற மனைப் பத்திரத்தை விட்டிருந்தால் அங்கேதான் பிடிக்க வேண்டும். நீங்கள் பத்து வருஷம் முன்பு சதுர அடிக் கணக்கில் வாங்கிய மனைக்கு, பதிவேட்டில் "நஞ்சை" என்று இருப்பதைக் காட்டி ஏக்கர் கணக்கில் விலை போடுவதும் நடக்கிறது. மனைப்பிரிவு வரைபடம், வீட்டு வரி, பக்கத்து மனைகளின் பத்திரங்கள் இவற்றை வைத்து மறுக்கலாம்.

இதில் மனசு வலிக்கிற ஒரு உண்மையும் இருக்கிறது. நம் ஊரில் முப்பது லட்சத்துக்கு வாங்கிவிட்டுப் பத்திரத்தில் பத்து லட்சம் காட்டுகிறோம். முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். நில எடுப்பு வரும்போது அந்தப் பத்து லட்சம்தான் தெரு முழுவதற்கும் விலையாகிறது. போதாததற்கு 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பையே மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்தார்கள். வாங்குபவருக்கு லாபம், இழப்பவருக்கு நஷ்டம். உங்கள் அறிவிக்கை எந்தத் தேதியில் வந்தது, அந்தத் தேதியில் எந்த மதிப்பு நடப்பில் இருந்தது என்று சரிபாருங்கள்.

ஊராட்சிப் பகுதி என்றால் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டுக்குள் அரசு நிர்ணயித்த ஒரு எண்ணால் பெருக்குவார்கள். நகராட்சி, மாநகராட்சி என்றால் பெருக்கல் எண் ஒன்றுதான், அதாவது கூடுதலாக ஒன்றும் வராது. புறநகர் ஊராட்சிகள் நகரத்தோடு இணைகிற காலம் இது. அறிவிக்கை வந்தபோது உங்கள் இடம் ஊராட்சியில் இருந்திருந்தால், அதற்கான சான்றை ஊராட்சி அலுவலகத்தில் இப்போதே வாங்கி வையுங்கள். இணைந்த பிறகு அந்தப் பதிவேடு எந்த அறையில் கிடக்கிறது என்று தேடுவது பெரும் பாடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாநகராட்சிப் பகுதியில் 1,200 சதுர அடி மனை, சதுர அடி 1,000 ரூபாய் என்றால் நிலம் 12 லட்சம். வீட்டின் மதிப்பு 8 லட்சம். மொத்தம் 20 லட்சம். கட்டாயமாக எடுப்பதற்காக மேலே சேர்த்துத் தரும் ஆறுதல் தொகை நூறு சதவீதம், அதோடு 40 லட்சம். முதல் அறிவிக்கையிலிருந்து அவார்டு (இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு) வரை நிலத்தின் சந்தை மதிப்புக்கு வருஷம் 12 சதவீதம்: இரண்டு வருஷம் என்றால் 2,88,000. ஆக 42,88,000 ரூபாய். ஆறுதல் தொகையை நிலத்துக்கு மட்டும் போட்டு வீட்டை விட்டுவிட்டால் இதில் 8 லட்சம் போய்விடும். கால்குலேட்டரை எடுத்து நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

வீட்டை அளக்க வரும் நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். போர்வெல், தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கழிவறை, தென்னை, மா எல்லாவற்றையும் கூடவே நடந்து எழுதச் சொல்லுங்கள். முதல் நாளே தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். இடித்த பிறகு "இங்கே போர் இருந்தது" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை விட்டுப் போகிறார்கள் என்றால், முழு வீட்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க 2013 சட்டத்தின் 94-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அவார்டு போடும் முன் எழுத்தில் கேட்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களும் கவனியுங்கள். அறிவிக்கைக்கு முன் மூன்று வருஷமாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்தவர்கள் 2013 சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பம்தான். இடம்பெயர்வோருக்கு ஒரு வருஷத்துக்கு மாதம் 3,000 ரூபாய், போக்குவரத்துக்கு 50,000, மீள்குடியமர்வுப் படி 50,000, சிறு வியாபாரிகளுக்குக் குறைந்தது 25,000 என்று அட்டவணையில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலை ஓரம் டீக்கடை, பஞ்சர் கடை வைத்திருப்பவர்களில் இதைக் கேட்டு வாங்கியவரை நான் அதிகம் பார்க்கவில்லை. வாடகை ஒப்பந்தம், உரிமம், மின் ரசீது, ஏதாவது ஒன்றில் மூன்று வருஷம் தெரிய வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

தனிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள். சீக்கிரம் பணம் வரும் என்பது உண்மை. ஆனால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், விலை போதவில்லை என்று பிறகு கேட்பது மிகவும் கஷ்டம். தொகை எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள், எத்தனை அவசரப்படுத்தினாலும் சரி. மேலே சொன்ன கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்து, அவர்கள் சொல்லும் தொகை அதற்குக் குறையவில்லை என்றால் மட்டும் யோசியுங்கள்.

அவார்டு வந்து பணம் வாங்கும்போது, ரசீதில் உங்கள் கையாலேயே "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். இந்த இரண்டு சொல் இல்லாமல் பணம் வாங்கியவர், அதிகத் தொகை கேட்டு மேலே போக முடியாது என்று 2013 சட்டத்தின் 77-ஆம் பிரிவு சொல்கிறது. "அப்படி எழுதினால் பணம் வராது" என்று சொல்வார்கள், அது பொய். எழுதினாலும் பணம் தர வேண்டும்.

அதன்பிறகு ஆட்சியரிடம், தொகை பற்றிய தகராறை அதை விசாரிக்கும் நில எடுப்பு ஆணையத்துக்கு அனுப்பி முடிவு செய்யச் சொல்லி மனு போட வேண்டும். அவார்டு சொன்னபோது நீங்கள் இருந்திருந்தால் அன்றிலிருந்து ஆறு வாரம். இல்லாவிட்டால் நோட்டீஸ் கிடைத்து ஆறு வாரம் அல்லது அவார்டு தேதியிலிருந்து ஆறு மாதம், எது முந்தியோ அது. தேசிய நெடுஞ்சாலையில் இது நடுவரிடம் போகும், பெரும்பாலும் ஆட்சியரே அந்த நடுவர். மாநில நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு வழி வேறு, அதனால் அவார்டு கைக்கு வந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். "நான் பார்த்து வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று வீடு தேடி வருகிறவரிடம் அசல் பத்திரத்தையும் காசோலையையும் கொடுத்துவிடாதீர்கள்.

2013 சட்டப்படி வரும் இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது, 96-ஆம் பிரிவு. 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்தால் அந்தப் பிரிவைக் காட்டிக் கேளுங்கள், பிடித்தே விட்டார்கள் என்றால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள்.

கடைசியாக, எடுத்தது போக மீதி நிலம். 1,200 சதுர அடியில் 300 எடுத்திருந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண் முழுவதும் தடையில் கிடக்கும். மீதி 900-ஐ விற்கவோ, பெண்ணுக்கு எழுதி வைக்கவோ முடியாது. பணம் வந்த கையோடு உட்பிரிவு முடிந்து புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) கோடு ஏறிவிட்டதா என்று பார்த்து, மீதிக்குத் தனிப்பட்டா வாங்குங்கள். பிறகு எடுக்கப்பட்ட உட்பிரிவை மட்டும் தடையில் வைத்து மற்றதை விடுவிக்கச் சொல்லி, தனி வட்டாட்சியரிடமிருந்து சார்பதிவாளருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதம் தானாகப் போகாது. திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொண்டு, அந்த எண்ணைச் சொல்லி வாராவாரம் கேளுங்கள்.