ஜெல்லிமீனும் வேண்டாம், இழுதுமீனும் வேண்டாம்

“இந்த மீனுக்கு மூளை இல்லை, இதயம் இல்லை, எலும்பும் இல்லை!” கடல் அதிசயங்களைப் பற்றித் தமிழில் வரும் எந்தக் காணொளியைத் திறந்தாலும் இந்த வரி வந்து நிற்கிறது. நாம் வாயைப் பிளக்கட்டும் என்று பின்னணிக் குரல்காரர் ஒரு நொடி நிறுத்தவும் செய்கிறார். ஜெல்லிமீன் மீனே இல்லை, ஐயா. மீன் அல்லாத ஒன்றுக்கு மீன் என்று பெயர் வைத்துவிட்டு, மீனுக்கு உள்ளதெல்லாம் இதற்கு இல்லையே என்று மூக்கில் விரல் வைப்பது என்ன நியாயம்? மண்புழுவைப் பாம்பு என்று சொல்லிவிட்டு, ‘முதுகெலும்பில்லாத பாம்பு’ என்று தலைப்பும் போடலாமே.

சொல்லின் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ‘ஜெல்லி’க்கு மூலம் உறைதலைக் குறிக்கும் லத்தீன் வினை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஃபிஷ்’ என்பதை ஆங்கிலேயர் ஒரு காலத்தில் நீரில் வாழும் எதற்கும் தாராளமாக ஒட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் இயற்கையறிஞர் லின்னேயஸ் இந்த உயிரிக்கு, கூந்தலுக்குப் பதிலாகப் பாம்புகள் நெளியும் கிரேக்கப் புராணப் பெண்ணான மெடூசாவின் பெயரைச் சூட்டினார். குடைபோல் விரிந்து நீந்தும் பருவத்தை உயிரியலார் இன்றும் மெடூசா என்றுதான் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் வெகு காலம் முன்பே, தொட்டால் அரிக்கும் செடிக்கு வழங்கிய ‘க்னிடே’ என்ற பெயரைக் கிரேக்கர்கள் கடலில் கொட்டும் உயிர்களுக்கும் வைத்திருந்தார்கள். அரிஸ்டாட்டிலிடமே அந்த வழக்கு உண்டு. ‘நிடேரியா’ என்ற தொகுதிப் பெயர் அதிலிருந்து பிறந்ததுதான். பவள உயிரிகளும் கடற்சாமந்தியும் நன்னீரில் வாழும் சிற்றுயிரான ஹைட்ராவும் இந்தத் தொகுதியில்தான் வருகின்றன.

அதே குணமுள்ள செடிக்குத் தமிழில் என்ன பெயர்? காஞ்சொறி. கடலோடிகள் இந்த உயிரியை என்னவென்று அழைக்கிறார்கள்? சொறி, சொறிமுட்டை. கிரேக்கர் ஒரு கடலில் கண்டதைத் தமிழர் இன்னொரு கடலில் கண்டிருக்கிறார்கள். பட்டால் சொறியவைக்கும் என்ற குணத்தைப் பிடித்து இரு சாராரும் பெயர் வைத்துவிட்டார்கள். ‘முட்டை’ அதன் உருண்டு திரண்ட உருவத்துக்கு. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது ஜெல்லியை நாம் எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

ஜெல்லிமீனையாவது மன்னித்துவிடலாம். அது தன்னைக் கடன்சொல் என்று ஒப்புக்கொள்கிறது. எனக்குத் தீராத வருத்தம் ‘இழுதுமீன்’ மேல்தான். தூய தமிழ் என்ற பெயரில் உலவும் இந்தச் சொல்லில் இரண்டு பாதி, இரண்டும் பிழை. இழுது பழைய தமிழ்ச் சொல், நல்ல சொல், சந்தேகமில்லை. ஆனால் அதன் பொருள் வெண்ணெய், நெய், கொழுப்பு. சங்கப் புலவர்கள் வெள்ளை நிணத்துக்கு உவமையாகச் சொல்வது இந்த இழுதைத்தான். சொறிமுட்டையின் உடலில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர். கொழுப்பு என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பையை நெய் என்று அழைப்பதற்குச் செம்மொழிச் சான்று காட்டுகிறார்கள்! இன்றைய வாசகர் காதிலோ அது ‘இழு’ என்ற வினையாகத்தான் விழும். எதையோ இழுத்துக்கொண்டு போகும் மீன் என்று ஒரு மாணவர் எழுதினால் தவறு அவருடையதல்ல.

சரி, ‘மீன்’ பாதிக்கு வருவோம். மின்னுவது மீன், விண்மீன், நாள்மீன் என்று வானத்தில் இருப்பதற்கே சொல்கிறோமே, கடலில் மின்னும் இதற்குச் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கெட்டிக்காரத்தனமான வாதம்தான். ஏக்வோரியா விக்டோரியா என்ற சொறிமுட்டை உண்மையிலேயே பச்சையாக ஒளிரும். அதிலிருந்து ஜப்பானிய அறிவியலாளர் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதத்துக்காக, அவர் உள்ளிட்ட மூவருக்கு 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ‘இழுதுமீன்’ என்று சொல்பவர் மனத்தில் விண்மீனா இருக்கிறது? ஃபிஷ்ஷுக்கு மீன் என்று சொல்லுக்குச் சொல் மாற்றினார், அவ்வளவுதான். இதில் வேடிக்கை, ஆங்கிலத்திலேயே கடற்காட்சியகங்கள் இப்போது ‘ஃபிஷ்’ஷை உதிர்த்துவிட்டு வெறும் ‘ஜெல்லி’ என்று எழுதத் தொடங்கிவிட்டன. அவர்கள் கழற்றிப் போட்டதை நாம் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

சொறி என்றால் தோல்நோய் நினைவுக்கு வருகிறது, நாகரிகமாக இல்லை என்பது இன்னொரு மறுப்பு. பிரச்சினையின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். கடலோரத்தில் பிறந்த சொல் பாடநூலுக்குள் நுழைய வெட்கப்பட வேண்டும் போல. அந்தச் சொல் சொல்லும் செய்தியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். இந்த உயிரியின் இழைகளில் ஆயிரக்கணக்கில் கொட்டும் செல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய பை. அதற்குள் சுருட்டி வைத்த முள்குழல். உரசல் பட்டதும் பையின் அழுத்தம் குழலை வெளியே பீய்ச்சுகிறது. இதே அமைப்பை ஹைட்ராவில் அளந்தபோது, வெடிப்புக்கு ஆன நேரம் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவு. இதற்கு மூளையின் கட்டளை வேண்டியதில்லை, உயிரே வேண்டியதில்லை. கரையில் செத்துக் கிடக்கும் சொறிமுட்டை மேல் காலை வைத்தாலும் கொட்டும். சொறி என்ற பெயர் எச்சரிக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஜெல்லி என்று கேட்கிற குழந்தை தொட்டுப் பார்க்கத்தான் போகும்.

எலும்பில்லாத மீன் என்று வியந்து நிற்பதால் உண்மையான வியப்புகள் கண்ணில் படுவதில்லை. பெட்டி வடிவச் சொறிமுட்டைக்கு 24 கண்கள். அவற்றில் சிலவற்றில் வில்லையும் விழித்திரையும் உண்டு. மையமாக ஒரு மூளை இல்லாமலே அது தடைகளைப் பார்த்து விலகுகிறது. மோதி மோதிப் பாடம் கற்கவும் செய்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. டர்ரிடாப்சிஸ் டோர்னி என்ற சிறுசு, அடிபட்டாலோ பட்டினி கிடந்தாலோ முதிர்ந்த உடலைக் கலைத்துவிட்டு, தரையில் ஒட்டி வாழும் இளம் பருவத்துக்கே திரும்பிவிடும். உடனே ‘சாகாவரம் பெற்ற மீன்’ என்று தலைப்பு வந்துவிடுகிறது. சாகாவரமெல்லாம் இல்லை. வேறு பிராணி விழுங்கினால் அதன் கதை முடிந்தது.

மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியும் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். “இதன் கூடாரங்கள் 30 மீட்டருக்கும் மேல் நீளும்” என்று சிங்கப்பிடரிச் சொறிமுட்டையைப் பற்றி ஒரு வாக்கியம் படித்தேன். கடலுக்கடியில் யார் கூடாரம் அடித்தார்கள் என்று பார்த்தால், ‘டென்டக்கிள்’ ‘டென்ட்’ ஆகிவிட்டது! கருவி மொழிபெயர்த்தது சரி, அதைப் படித்துப் பார்த்த மனிதர் எங்கே போனார்? அது கொட்டும் இழை. ஆங்கில ‘பெல்’லைப் பார்த்துக் குடையை ‘மணி’ என்பதும், ‘ப்ளூம்’ என்பதைப் பார்த்து, கூட்டம் கூட்டமாகப் பெருகுவதை ‘பூப்பது’ என்பதும் இதே ரகம். ‘மேன் ஆஃப் வார்’ என்று போர்த்துக்கீசியப் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய உயிரியைப் ‘போர் மனிதன்’ ஆக்கியவரும் இருக்கிறார். அது தனி உயிரி கூட அல்ல, பல சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். அப்புறம் நட்சத்திர மீன். நட்சத்திரமே பழந்தமிழில் மீன்தான், ஆக அது மீன்மீன். கடல் அட்டை என்ற வழக்குச் சொல் உயிரோடு இருக்க, ‘கடல் வெள்ளரி’ என்று எழுதுகிறார்கள். கணவாய் (ஸ்க்விட்), ஓங்கல் (டால்பின்), ஆவுளியா (கடற்பசு) என்று கடலோடிகளிடம் ஓர் அகராதியே இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே சொறிமுட்டை என்றே எழுதலாம். வகைகளுக்கு நிலாச் சொறி, பெட்டிச் சொறி, சிங்கப்பிடரிச் சொறி என்று சுருக்கிக்கொள்ளலாம். நிலாச் சொறி கொட்டினால் நமக்கு அவ்வளவாகத் தெரியாதே என்பீர்கள். தெரியாவிட்டாலும் கொட்டும் செல்கள் அதற்கும் உண்டு. ஆங்கிலத்தில் ‘சீப்பு ஜெல்லி’ எனப்படுவதை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. வரிவரியாக மயிர்ச் சீப்புகளை அசைத்து நீந்தும் அதற்குச் சொந்தமாகக் கொட்டும் செல் கிடையாது. பசைச் செல்களால் இரையை ஒட்டிப் பிடிக்கிறது. உயிரியலிலும் அது வேறு தொகுதி. தோற்றத்தை வைத்துப் பெயரிட்ட ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது, சொறி என்ற பெயரில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. அதைச் சீப்புயிரி என்று சொல்லிக்கொள்ளலாம்.